கேஸ் மாத்திரை காக்காத ஆறு மீட்டர்

மும்பையில் மருந்துக்கடை நடத்தும் தமிழர்களுக்கும், தமிழ்க் குடும்ப மருத்துவர்களுக்கும், இந்நகரின் மருந்து ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் நம்மவர்களுக்கும்,

வணக்கம்.

"அண்ணாச்சி, முட்டு வலிக்கு ஒண்ணு தாங்க. வயித்தைப் புண்ணாக்காததாப் பாத்துத் தாங்க." தாராவி 90 அடி சாலையில், சயான் கோலிவாடாவில், செம்பூரில், சீத்தா கேம்பில் எந்த மெடிக்கலிலும் நாள்தோறும் கேட்கிற கோரிக்கை இது. இதற்குப் பெரும்பாலும் கைக்கு வருவது அசெக்ளோஃபெனாக்கோ டைக்ளோஃபெனாக்கோ என்ற வலி மருந்து, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ரபெப்ரசோலோடு சேர்ந்த கேப்சூல். கூடவே ஓர் உறுதிமொழியும் வரும்: "கேஸ் மாத்திரை உள்ளேயே இருக்கு, பயப்படாம சாப்பிடுங்க."

அந்த உறுதிமொழியைப் பற்றித்தான் இந்த மடல். அது பாதி உண்மை. இரைப்பைக்கும் அதை ஒட்டிய முன்சிறுகுடலுக்கும் அது பொருந்தும். அதற்குக் கீழே சுருண்டு கிடக்கும் ஏறக்குறைய 6 மீட்டர் சிறுகுடலுக்குப் பொருந்தாது. கிடைத்திருக்கும் ஆய்வுகளைப் பார்த்தால், சில நேரம் அந்தக் கேஸ் மாத்திரையே அங்கே கேட்டைக் கூட்டவும் செய்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ரபெப்ரசோல், பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே இரைப்பையில் புண் வந்தவர், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுபவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், வலி மாத்திரையைத் தவிர்க்கவே முடியாத முதியவர் ஆகியோருக்கு அவை உயிர் காக்கும் மருந்து. அவர்களிடம் அதை நிறுத்தச் சொன்னால் ரத்த வாந்தியோடு மருத்துவமனைக்குப் போவார்கள். எங்கள் வழக்கு வேறு. கேஸ் மாத்திரை சேர்ந்திருக்கிறது என்ற தைரியத்தில் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விற்பதும் எழுதுவதும்தான் எங்கள் கவலை.

சிறுகுடலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இரைப்பையில் வலி மாத்திரை புண் உண்டாக்குவதற்கு அமிலம் துணை. இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் குறைகிறது, அதனால் சளிக்காப்பு மெலிகிறது, அமிலம் உள்ளே அரிக்கிறது. அமிலத்தைக் குறைத்தால் புண் குறைகிறது. இந்த வாதம் சரியானது. ஆனால் சிறுகுடலின் நடுப்பகுதியிலும் கடைப்பகுதியிலும் அமிலம் கிடையாது. அங்கே புண்ணுக்குத் துணை நிற்பவை பித்தநீரும் பாக்டீரியாவும்.

டைக்ளோஃபெனாக்கை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் கலந்த மருந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதனோடு குளுக்குரோனிக் அமிலத்தைப் பிணைத்துப் பித்தநீரில் தள்ளுகிறது. பித்தநீர் முன்சிறுகுடலில் இறங்கிக் கீழே போகிறது. பின்சிறுகுடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்ற நொதி உண்டு. அது அந்தப் பிணைப்பை வெட்டி, மூல மருந்தை மறுபடி விடுவிக்கிறது. விடுபட்ட மருந்து அதே இடத்தில் குடல் செல்களுக்குள் புகுகிறது, உறிஞ்சப்படுகிறது, மீண்டும் கல்லீரலுக்குப் போகிறது. ஒரே மாத்திரை இப்படிப் பல சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் பித்த உப்பும் மருந்தும் சேர்ந்து செல்சவ்வைக் கரைக்கின்றன. அமிலத்தன்மை உள்ள இந்த மருந்துகள் செல்லுக்குள் போய் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கின்றன. ஆற்றல் இல்லாவிட்டால் செல்களுக்கிடையே உள்ள இறுக்கமான இணைப்புகள் நெகிழும். நெகிழ்ந்த இடைவெளியில் பாக்டீரியா நுழையும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வந்து சண்டை போடும், அங்கே புண்.

பித்தக்குழாயைக் கட்டிவிட்ட எலிகளுக்கு இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் சிறுகுடல் புண் வருவதில்லை. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கும் பாதிப்பு மிகக் குறைவு. அமிலத்தைத் தடுக்கும் மருந்து இங்கே ஏன் உதவாது என்பதை இந்த இரண்டு சோதனைகளுமே சொல்லிவிடுகின்றன.

இதிலிருந்து நேராக வரும் ஒரு நடைமுறை உண்மை, நம் கிளினிக்குகளில் அதிகம் மறக்கப்படுவது: ஊசியும் தப்பாது. "மாத்திரை வயித்துக்கு ஆகாது, அதனால 75 மி.கி. ஊசி போட்டுடலாம்" என்பது இரைப்பைச் சுவரில் மாத்திரை நேரடியாகப் படுவதை மட்டும் தவிர்க்கிறது. இடுப்பில் போட்ட டைக்ளோஃபெனாக்கும் கல்லீரல் வழியாகப் பித்தநீரில் இறங்கிச் சிறுகுடலுக்கு வந்துதான் தீரும். ஆசனவாயில் வைக்கும் மருந்துக்கும் இதே கதை. 'எஸ்.ஆர்.' என்று போட்டு வரும், மெல்லக் கரையும் மாத்திரைகளோ மருந்தை இரைப்பையில் விடாமல் குடலின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோய் விடுகின்றன. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்ற வசதிக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது.

சாதாரண ஆஸ்பிரின் மட்டும் சற்று வேறு. அது மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பித்தநீரில் சுற்றி வருவதில்லை. ஆனால் இதயத்துக்காகத் தினமும் விழுங்கும் 75 மி.கி. ஆஸ்பிரின் பெரும்பாலும் குடலில் கரையும் பூச்சோடு வருகிறது. அந்தப் பூச்சு இரைப்பையைக் காத்து, சுமையைக் கீழே இறக்குகிறது.

மனிதர்களிடம் இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். நீண்ட காலம் இது கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் எளிது. வாய்வழி எண்டோஸ்கோபி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். கொலோனோஸ்கோபி கீழிருந்து பின்சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரைத்தான் எட்டும். இடைப்பட்டதை 2001-இல் கேப்சூல் கேமரா புழக்கத்துக்கு வரும்வரை உயிரோடிருப்பவரிடம் எளிதில் பார்க்க வழியில்லை. அதற்கு முன், 1992-இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வு ஒன்றில், 713 பேரில் வலி மாத்திரை பயன்படுத்தியவர்களுக்கு 8.4 சதவீதமும், பயன்படுத்தாதவர்களுக்கு 0.6 சதவீதமும் சிறுகுடல் புண் இருந்தது தெரிந்தது.

கேமரா வந்த பிறகு படம் மாறியது. 2005-இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 40 பேருக்கு டைக்ளோஃபெனாக் எஸ்.ஆர். 75 மி.கி. நாளுக்கு இருவேளை, கூடவே ஒமிப்ரசோல், 14 நாள் கொடுத்தார்கள். 68 சதவீதம் பேரின் சிறுகுடலில் புதிதாகப் பாதிப்பு தெரிந்தது. கவனியுங்கள், எல்லோரும் கேஸ் மாத்திரையோடுதான் சாப்பிட்டார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, நாப்ரோக்செனோடு ஒமிப்ரசோல் எடுத்தவர்களுக்குச் சளிச்சவ்வில் சராசரியாக 2.99 வெடிப்புகள், வேறு வகை வலி மருந்தான செலகாக்சிப் எடுத்தவர்களுக்கு 0.32, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.11 என்று கணக்குச் சொன்னது.

கேஸ் மாத்திரை கேட்டைக் கூட்டுமா என்பதற்கு நேரடிச் சோதனையும் நடந்திருக்கிறது. 2011-இல் எலிகளில் ஒமிப்ரசோலும் லான்சோப்ரசோலும் நாப்ரோக்சென், செலகாக்சிப் இரண்டின் சிறுகுடல் பாதிப்பையும் அதிகரித்தன. சிறுகுடலில் பிஃபிடோ பாக்டீரியா குறைந்தது. அதை மீண்டும் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. கேஸ் மருந்து கொடுத்த எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியற்ற சுண்டெலிக்கு மாற்றியபோது, அதற்கும் பாதிப்பு கடுமையானது. பிறகு ஜப்பானில் ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வாரம் செலகாக்சிப் கொடுத்துப் பார்த்தார்கள். ரபெப்ரசோல் சேர்த்தவர்களில் 44.7 சதவீதம், வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 16.7 சதவீதம் பேருக்குச் சிறுகுடல் பாதிப்பு. 2016-இல் வெளியான முடிவு இது. அமிலம்தான் மேலிருந்து வரும் பாக்டீரியாவை வடிகட்டும் காவல். அதை நாள்கணக்கில் அணைத்துவைத்தால் கீழே குடியிருப்போரின் வகை மாறுகிறது.

இந்தப் பாதிப்புகளில் பெரும்பாலானவை சிறு சிராய்ப்புகள். மாத்திரையை நிறுத்தினால் ஆறிவிடும். அதை மறைத்துப் பயமுறுத்துவது நியாயமல்ல. ஐந்து நாள் பல்வலிக்கு இபுப்ரோஃபென் சாப்பிட்டவருக்கு இந்த மடல் பெரிதாகப் பொருந்தாது. பொருந்துவது காலி ஸ்ட்ரிப்பைக் காட்டி மாதாமாதம் வாங்குபவருக்கு: இட்லிக் கூடையைத் தலையில் சுமப்பவர், தோல் பட்டறையில் குனிந்தே இருப்பவர், கட்டட வேலைக்காரர், முழங்கால் தேய்ந்த பாட்டி.

இனி மருந்துக்கடைக்காரர்களிடம் பேசுகிறோம்.

டைக்ளோஃபெனாக்கும் அசெக்ளோஃபெனாக்கும் அட்டவணை எச் மருந்துகள். மருத்துவர் சீட்டு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்; கல்லாவில் என்ன நடக்கிறது என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். எனவே சட்டத்தை ஓதாமல், கவுன்டரில் அரை நிமிடத்தில் முடியக்கூடியதைச் சொல்கிறோம். பழைய ஸ்ட்ரிப்பை நீட்டுபவரிடம் "இது எத்தனை நாளா சாப்பிடுறீங்க?" என்பது முதல் கேள்வி. பதில் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அடுத்தது, "வேற என்ன மாத்திரை ஓடுது?" ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், பிரெட்னிசோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடுகிறது. பிரஷர் மாத்திரையில் 'சார்டன்' என்று முடியும் மருந்தும் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தால் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது குடல் விஷயம் அல்ல. ஆனால் அதே கேள்வியில் அகப்பட்டுவிடும்.

மூன்றாவது, ஒரே மருந்து இரண்டு பெயரில் போகிறதா என்று பாருங்கள். எலும்பு மருத்துவர் எழுதிய அசெக்ளோஃபெனாக்-பாராசிட்டமால் ஒரு பெயரில், பக்கத்துக் கிளினிக்கில் எழுதிய அசெக்ளோஃபெனாக்-ரபெப்ரசோல் இன்னொரு பெயரில், இரண்டையும் காலையில் சேர்த்து விழுங்குகிறார் ஒருவர். அசெக்ளோஃபெனாக் நாளுக்கு 200 மி.கி. வரைதான். இப்படிச் சேர்ந்தால் அது எளிதில் 400 ஆகிவிடும். பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் படித்தால்தான் இது தெரியும்; வாடிக்கையாளருக்கு அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க வழியில்லை. மூட்டு வலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் 'நாட்டு' பொடியையும் கேளுங்கள். உடனே வலி போகிறது என்றால் அதற்குள் டைக்ளோஃபெனாக்கோ ஸ்டீராய்டோ கலந்திருக்க வாய்ப்புண்டு.

மாற்று என்ன கொடுப்பது? பாராசிட்டமால் முழங்கால் தேய்மானத்துக்குப் பெரிதாகக் கேட்காது, உண்மையைச் சொல்லிவிடுவோம். ஆனால் தலை, காய்ச்சல் வலிக்கு 500 மி.கி. அல்லது 1 கிராம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல் கொடுக்கலாம். ஒல்லியானவருக்கும் தினம் குடிப்பவருக்கும் அந்த உச்சவரம்பு இன்னும் குறைவு.

முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல தேர்வு. தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 6 சதவீதம்தான். ஆனால் "ஜெல் கேக்கல" என்று திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் அதைத் தடவும் அளவைக் கேட்டுப் பாருங்கள்: பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்திருப்பார்கள். 1 சதவீத ஜெல்லில் முழங்கால் ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு 4 வேளை என்பது அமெரிக்க லேபிள் சொல்லும் அளவு. நம் கடைகளில் 1.16 சதவீதம் டைஎத்தைலமைன் என்று எழுதியிருப்பதும் அதே 1 சதவீதத்துக்குச் சமம்தான். அந்தக் கணக்கில் 30 கிராம் டியூப் ஒரு முழங்காலுக்கு இரண்டு நாளைக்குக்கூட வராது. கட்டுப்படியாகாது என்பது நிஜம். அதனால் வலி கடுமையான வாரத்தில் முழு அளவு, பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுங்கள். அளவைச் சொல்லாமல் ஜெல் விற்பதைவிட விற்காமலிருப்பது மேல். பயன் தெரியாமல் அவர் மாத்திரைக்கே திரும்பிவிடுவார்.

மழைக்காலத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக் ஊசியும் இபுப்ரோஃபெனும் வேண்டாம். தட்டணுக்கள் சரியும் நேரத்தில் குடலில் ஒரு சிராய்ப்பும் பெரிய ரத்தப்போக்காக மாறலாம். பாராசிட்டமால் போதும்.

மருத்துவர்களே, உங்களிடம் கேட்பது கொஞ்சம் கூடுதல்.

நாள்பட்ட சிறுகுடல் புண் வயிற்று வலியோடு வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது பெரும்பாலும் ரத்தசோகையாகத்தான் வருகிறது. ஹீமோகுளோபின் 8, சிவப்பணு அளவு சிறுத்திருக்கும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடியில் கிடக்கும், மலம் கருப்பாகவும் இராது. இரும்பு மாத்திரை எழுதுகிறோம். அதோடு ரபெப்ரசோலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமிலம் இல்லாமல் தாவர உணவின் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. மூன்று மாதம் கழித்தும் எண் ஏறவில்லை. எண்டோஸ்கோபி சுத்தம், கொலோனோஸ்கோபியும் சுத்தம், பழி மூல நோயின் மேல் விழுகிறது. வலி மாத்திரை மட்டும் தொடர்கிறது.

இந்த வட்டத்தை உடைக்கப் பெரிய செலவு தேவையில்லை. மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடும் எவருக்கும் தொடங்கும்போதும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ஹீமோகுளோபினும் ஆல்புமினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 2 கிராம் இறங்கினால் அது வலி மாத்திரையின் கணக்கு என்று முதலில் எடுத்துக்கொண்டு, வேறு காரணத்தை அடுத்துத் தேடுங்கள். ஆல்புமின் காரணமில்லாமல் சரிந்தால் குடல் வழியாகப் புரதம் கசியலாம். மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் பார்க்க எழுதினால், அதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது தானே எண்ணை ஏற்றிவிட்டு, இல்லாத குடல் அழற்சி நோயைக் காட்டும்.

மும்பையில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது: காசநோய். பின்சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம் குடல் காசநோய்க்குப் பிடித்த இடம். கொலோனோஸ்கோபியில் அங்கே சில புண்கள் தெரிந்தால், இந்த ஊரில் முதலில் மனதில் வருவது ஏ.கே.டி. எனும் காசநோய் மருந்துத் தொகுப்பு. வருவது தவறல்ல, நோய் இங்கே நிறைய இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் வலி மாத்திரையும் புண் உண்டாக்கும், குரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சியும் உண்டாக்கும். சிறிய, மேலோட்டமான, வீக்கமில்லாத புண்கள், திசுவில் கிரானுலோமா (காசநோயில் காணும் செல் முடிச்சு) இல்லை, காய்ச்சலில்லை, எடை குறையவில்லை, நுரையீரல் தெளிவு, ஆறு மாதமாக அசெக்ளோஃபெனாக் ஓடுகிறது. இப்படிப்பட்டவருக்கு உடனே நான்கு மருந்தைத் தொடங்குவதை விட, வலி மாத்திரையை முழுதாக நிறுத்தி, 8 முதல் 12 வாரத்தில் மறுபடி பார்ப்பது நேர்மையான வழி. குடல் திசுவில் காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை இல்லை என்று சொன்னால் காசநோய் இல்லை என்று ஆகாது என்பதும் தெரிந்ததே. அதனால்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறோம், கைகழுவச் சொல்லவில்லை. ஏ.கே.டி.யைத் தொடங்கிவிட்டு வலி மாத்திரையையும் நிறுத்தினால், புண் ஆறியது எதனால் என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாது. நோயாளியோ ஆறு மாதம் கல்லீரலைப் பணயம் வைத்திருப்பார்.

ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சிலசமயம் சிறுகுடலில் மெல்லிய வளையம்போல் தழும்பு விழுந்து வழியை அடைக்கும். 1988-இல் விவரிக்கப்பட்ட இதை உதரவிதான நோய் என்கிறார்கள். சாப்பிட்ட பிறகு பிசையும் வலி, வயிறு உப்பிப் பின் தானே அடங்குவது, வாந்தி ஆகியவை இதன் அடையாளம். தடுப்பு மிக மெல்லியதாக இருப்பதால் சி.டி. ஸ்கேனில் தப்பிவிடக்கூடும். இப்படிச் சந்தேகம் உள்ளவருக்கு நேராக கேப்சூல் கேமராவை விழுங்கக் கொடுத்துவிடாதீர்கள். அது வளையத்தில் சிக்கி, அடைப்பை நீங்களே உண்டாக்கியதாக முடியும். முதலில் கரையும் சோதனைக் கேப்சூலைக் கொடுத்து வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வலி மாத்திரை இல்லாமல் முடியவே முடியாது என்ற நோயாளிக்கு எதைத் தேர்வது? 2010-இல் வெளியான, 4,484 பேரை ஆறு மாதம் தொடர்ந்த ஆய்வு இங்கே வழிகாட்டும். டைக்ளோஃபெனாக் எஸ்.ஆர். உடன் ஒமிப்ரசோல் எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும், செலகாக்சிப் மட்டும் எடுத்தவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் மேல் அல்லது கீழ்க் குடலில் குறிப்பிடத்தக்க பாதிப்பு வந்தது. வித்தியாசத்தில் பெரும்பங்கு ஹீமோகுளோபின் சரிவுதான். இதய நோய் உள்ளவருக்கு செலகாக்சிப் உகந்ததல்ல. சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி மாதக்கணக்கில் போகும் முழங்கால் வலிக்கு அதை எழுதக் கை தயங்குவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆறாத புண்ணுக்கு மருந்து உண்டா? மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நாளுக்கு நான்கு வேளை, 8 வாரம் கொடுத்த ஆய்வில் 54 சதவீதம் பேருக்குச் சிறுகுடல் புண் முழுதாக ஆறியது. வெற்று மாத்திரையில் 17 சதவீதம். ஆதாரம் நன்றாகத்தான் இருக்கிறது. வயிற்றுப்போக்கு அதன் பெரிய தொல்லை. கருவுற்ற, கருவுறக்கூடிய பெண்களுக்குக் கொடுக்கவே கூடாது. இந்தியாவில் கருக்கலைப்போடு பின்னிய மருந்து என்பதால் கடைகளும் வைக்கத் தயங்குகின்றன. குடலை விட்டு உறிஞ்சப்படாத ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சோதித்திருக்கிறார்கள். டைக்ளோஃபெனாக்கும் ஒமிப்ரசோலும் எடுத்தவர்களுக்கு அதைச் சேர்த்தபோது வெடிப்பு கண்டவர்கள் 43 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தார்கள். பாக்டீரியாதான் குற்றவாளி என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு ஆயுள் முழுக்க ஆன்டிபயாடிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

இதே சந்தர்ப்பத்தில் ஒல்மெசார்டனையும் சொல்லிவிடுகிறோம். பிரஷருக்காக அதைச் சாப்பிடுபவருக்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்து, நிற்காத வயிற்றுப்போக்கும் எடைச் சரிவும் வரலாம். குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போயிருக்கும், கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை இல்லை என்று சொல்லும். 2012-இல் 22 நோயாளிகளைக் கொண்டு இது முதலில் விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. மாத்திரையை மாற்றினால் குணமாகிறார்கள். கோதுமையை நிறுத்தச் சொல்வதற்கு முன் பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள்.

கடைசியாக, ஆய்வுக்கூடங்களில் இருப்போருக்கு. புதிய வலி மருந்தையோ கூட்டு மருந்தையோ எலியில் சோதிக்கும் வழக்கமான முறை சிறுகுடலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. எலியைப் பட்டினி போடுகிறோம், மருந்து கொடுக்கிறோம், நாலைந்து மணி நேரத்தில் இரைப்பையைத் திறந்து புண்ணை எண்ணுகிறோம். "குடலுக்குப் பாதுகாப்பானது" என்று அறிக்கை எழுதுகிறோம். பட்டினி கிடக்கும் எலிக்கு இண்டோமெத்தசின் கொடுத்தால் இரைப்பையில்தான் புண் வரும். உணவு உண்ட எலிக்குத்தான் சிறுகுடலில் வரும். உணவு இல்லாவிட்டால் பித்தநீர் ஓட்டமும் குடலுக்குள் போவதும் மாறிவிடுகின்றன. எனவே உண்ட எலிகளில், 10 மி.கி./கிலோ இண்டோமெத்தசினைத் தோலுக்கடியில் கொடுத்த ஒப்பீட்டுக் குழு ஒன்றோடு, 24 மணி நேரம் காத்திருந்து பாருங்கள். திறப்பதற்கு அரை மணி முன் 1 சதவீத ஈவான்ஸ் நீலத்தை நாளத்தில் செலுத்தினால் புண்கள் நீலமாகத் தனித்துத் தெரியும். குடலைக் கீறும்போது, குடலைத் தாங்கும் சவ்வான மெசென்டரி ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு நேரெதிரில் வெட்டுங்கள். நீளப் புண்கள் மெசென்டரி பக்கம்தான் விழும். அந்தப் பக்கம் கத்தரி வைத்தால் எண்ண வேண்டியதையே வெட்டிப் போட்டுவிடுவீர்கள். முன்சிறுகுடல் முதல் பின்சிறுகுடல் வரை முழு நீளத்தையும் பாருங்கள். புண்ணின் நீளத்தை மி.மீ.யில் கூட்டுங்கள், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கான ஹீமடோகிரிட்டையும் எழுதுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, கேஸ் மருந்து சேர்த்த குழு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது. சந்தையில் நம் மக்கள் விழுங்குவது அந்தச் சேர்க்கையைத்தான். மருந்தை மட்டும் தனியாகச் சோதித்து, சேர்க்கையாக விற்பது என்ன நியாயம்? 2016 முதல் 2024 வரை பல தவணைகளாக நூற்றுக்கணக்கான கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் தடைபட்ட 156-இல் அசெக்ளோஃபெனாக் 50 மி.கி. பாராசிட்டமால் 125 மி.கி. சேர்க்கையும் ஒன்று. சேர்க்கைக்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கும்போது, அந்தக் காரணம் இரைப்பையோடு நின்றுவிடக் கூடாது.

தேட வேண்டிய திசையும் தெளிவாகவே இருக்கிறது. பாக்டீரியாவின் பீட்டா-குளுக்குரோனிடேஸை மட்டும் தடுத்து, மனித நொதியைத் தொடாத சிறு மூலக்கூறுகள் உண்டு. பாக்டீரியா நொதியில் மட்டும் இருக்கும் ஒரு வளையப் பகுதியைப் பிடித்துக்கொள்வதால் இது சாத்தியமாகிறது. புற்றுநோய் மருந்தான இரினோடெக்கான் தரும் வயிற்றுப்போக்கைச் சுண்டெலியில் இவை தடுத்தன. பிறகு டைக்ளோஃபெனாக் புண்ணையும் குறைத்தன. பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் கத்தரியை மட்டும் மழுங்கடிப்பது ஆன்டிபயாடிக்கை விட எவ்வளவோ நல்ல யோசனை. தென்னிந்திய உணவு உண்பவரின் குடலில் இந்த நொதி எந்தெந்தப் பாக்டீரியாவில், எந்த அளவில் இருக்கிறது என்பதை அளக்க மலமாதிரியும் பி-நைட்ரோஃபினைல் குளுக்குரோனைடும் நிறமானியும் போதும். மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் படிக்கலாம். முதுகலை மாணவர் ஒருவர் செய்து முடிக்கக்கூடிய வேலை. மாதிரியை எடுத்தவுடன் உறைய வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா பெருகி எண் ஏறிவிடும். கொடுத்தவர் கடந்த மாதத்தில் ஆன்டிபயாடிக்கும் கேஸ் மாத்திரையும் எடுத்தாரா என்பதைப் படிவத்தில் கேட்க மறக்காதீர்கள்.

மூன்று தரப்பாரும் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வலி மாத்திரை சாப்பிட்டு ஹீமோகுளோபின் சரிந்தவர், சிறுகுடல் அடைபட்டவர், கேப்சூலில் புண் தெரிந்தவர் ஒவ்வொருவரையும் இந்திய மருந்து விழிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். இலவச எண் 1800-180-3024. மருந்தாளரும் தெரிவிக்கலாம், மருத்துவர்தான் என்றில்லை. படிவத்தில் மருந்தின் வணிகப் பெயரோடு நிற்காமல் உள்ளடக்கத்தையும் மி.கி. கணக்கையும் எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். உடன் எடுத்த மருந்துகளுக்கான கட்டத்தில் கேஸ் மாத்திரையையும் எழுதுங்கள். "அதுதான் எல்லாருக்கும் போகுதே" என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதால்தான் இந்தச் சேர்க்கையின் கணக்கு எங்கும் சேராமல் போகிறது.

அன்புடன்,
மும்பையில் மருந்தியலிலும் குடல் நோயியலிலும் பணிபுரியும் தமிழர் சிலர்